ஆறு மணிப் பாட்டில் ஒரு வரி

...அப்படியே வெட்டி ஒட்டினால் பாட்டு குறைந்துபோகும், குறைந்தால் அடுத்த நிகழ்ச்சி இடிக்கும், அதனால் குரலை மட்டும் இறக்கிவிட்டுத் தாளத்தை விட்டுவைக்கலாம், ஆமாம், தாளம் இருக்கட்டும், தாளம் இருந்தால் வீட்டில் அவள் தானே பாடிவிடமாட்டாளா, என்று வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவாளர் கணினித் திரையில் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தே இருக்கு, காவலும் இல்ல, வா. அவ்வளவுதான் வரி, இதற்குக் காலையில் ஒரு கூட்டம், தேநீர், பிஸ்கட்டு. ஒரு பெண் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஆம்பளையைக் கூப்பிடுவதா, கேட்கிற பிள்ளைகள் குட்டிச்சுவராகிவிடமாட்டார்களா என்று பண்பாட்டுக் குழுக்காரர்கள் கேட்டார்கள். நிலைய அதிகாரிக்கோ வேறு வயிற்றுவலி, காவல் இல்லை என்றால் நாட்டில் போலீசே இல்லை என்று குத்திக்காட்டுவதாக மேலே யாராவது கிளப்பிவிட்டால்? பாட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது, எழுதியவரும் போய்ச் சேர்ந்தாயிற்று, இத்தனை நாள் எல்லோரும் காதில் பஞ்சு வைத்திருந்தார்களா? 'வா'வை மட்டும் எடுத்தால் போதாதா என்று பேரம்கூட நடந்தது. வா போய்விட்டால் கதவு சும்மா திறந்து கிடக்குமே, அது இன்னும் அசிங்கம் இல்லையா என்று குழுவில் இருந்த அம்மாள் சொன்னதும் எல்லோரும் தலையாட்டினார்கள், வரியே போகட்டும் என்று முடிவாயிற்று. சிரிப்பு வந்தது, சிரிக்கவா முடியும்?

உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா என்று அதிகாரி கேட்கத்தான் செய்தார், பாவம், அவர் மேல் குறை சொல்ல முடியாது. இல்ல சார் என்று இந்த வாய்தானே சொன்னது. என்னவென்று சொல்வது... ஐயா, என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு அடியோடு போய்விட்டது, பேச்சு போனாலும் பாட்டு நிற்கும், அது மூளையில் வேறு இடம் என்று டாக்டர் சொன்னார், அப்படி அவளுக்கு நின்றது இந்த ஒரு வரிதான், என்றா? தண்ணீர் வேண்டுமென்றால் இதைத்தான் மெதுவாகப் பாடுகிறாள், கால் மரத்துப்போனால் இதையே இழுத்துப் பாடுகிறாள், நான் கண்ணில் படாவிட்டால் உச்சத்தில் பாடுகிறாள், அவளுக்கு அம்மாவும் ஐயோவும் எல்லாம் இதுதான், என்றா? சொல்லியிருக்கலாம். ஆனால் எதிர் நாற்காலியில், குழுவின் தலைவராக, சட்டைப்பையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் அல்லவா. அந்த வரியை நாளெல்லாம் பாடுகிறவள் உங்கள் தலைவரின் தங்கச்சி என்று நாலு பேர் நடுவில் போட்டு உடைக்க மனசு வரவில்லை. மச்சான் அப்போது தேநீர்க் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார், தலையே நிமிரவில்லை.

கெட்டவராக இருந்தாலாவது சண்டை போட்டுத் தொலைக்கலாம். தங்கச்சியைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட மனுஷர், இன்றைக்கும் வெறுங்கையோடு அவளைப் பார்க்க வரமாட்டார், அவள் நகத்தைக்கூட அவர்தான் வெட்டிவிடுகிறார். போன மாதம் அப்படி வந்திருந்தபோதுதான் காஸ் சிலிண்டர்காரன் வந்தான், முதுகுக்குத் தலையணை வைக்கச் சொல்லி இவள் பாடினாள், கதவு திறந்தே இருக்கு, காவலும் இல்ல, வா... அவன் வாசலில் நின்று ஒரு இளிப்பு இளித்தான் பாருங்கள், மச்சான் முகம் சுண்டிப்போயிற்று. மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ வாயில இதைப் போட்டது உங்க ரேடியோதான் மாப்ள. தினம் போடறதை நிறுத்துங்க, நல்ல வார்த்தை தானா வரும்" என்றார், கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே நம்புகிறார். அதில் பாதி உண்மை வேறு, போட்டது நான்தானே, வேறு யார்? மாலை நிகழ்ச்சிக்கு இதை முதல் பாட்டாக வைத்தவன் நான், அவள் நன்றாக இருந்த நாளில் பாட்டைத் தட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன், வீட்டில் அவள் ரேடியோவில் இதைக் கேட்டதும் மனுஷன் புறப்பட்டாச்சு என்று அடுப்பைப் பற்றவைப்பாள். வீட்டுக்குள் நுழைந்தால் கதவு நிஜமாகவே திறந்திருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த வரியில் இருந்தது அவ்வளவுதான், இதில் எந்தப் பிள்ளை கெட்டது...

குரலை இறக்கினார். இப்போதெல்லாம் பாடுகிறவரையும் வாத்தியத்தையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கிற மென்பொருள் வந்துவிட்டது, வேலை சுலபம். கேட்டுப் பார்த்தார், கதவு போயிற்று, காவல் போயிற்று, வா போயிற்று, தாளம் மட்டும் நடந்தது. நல்லதுதான், மச்சானுக்கும் நிம்மதி, அதிகாரிக்கும் நிம்மதி, அந்த இடைவெளியில் அவள் பாட்டுக்கு அவள் பாடிக்கொள்வாள், வீட்டுக்குள் அவள் பாடுவதை எந்தக் குழு வந்து இறக்கும்? கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்துவிட்ட நினைப்பில் நிகழ்ச்சியை ஒப்படைத்துவிட்டுப் பேருந்து ஏறினார். இப்போதெல்லாம் ஆறு மணிக்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டும், அதற்காகவே காலை முறை வேலை கேட்டு வாங்கியிருந்தார். ஜன்னலோர இருக்கை, பக்கத்தில் ஒருவர் தூங்கித் தூங்கித் தோளில் விழுந்தார், விழட்டும், பாவம்... அப்போதுதான் அது ஞாபகம் வந்தது, வந்திருக்க வேண்டாம். ஒருநாள் நிலையத்தில் கோளாறாகி அந்த வரி நடுவே இரைச்சல் வந்தது, மறுநாள் அதே இடத்தில் அவளும் உஷ்ஷ் என்று இரைந்தாள், அவர் விழுந்து விழுந்து சிரித்தார், ஒரு பக்கம் கோணிய வாயால் அவளும் சிரித்தாள். ரேடியோ எப்படிப் பாடுகிறதோ அப்படித்தான் அவளும் பாடுவாள். போனில் போட்டுக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அவளுக்கு அலமாரி மேல் இருக்கும் அந்தப் பெட்டி சொல்வதுதான் பாட்டு. இறங்கித் திரும்பிப் போகலாமா? போய் என்ன செய்ய, ஒப்படைத்தாயிற்றே. ஒரே நாளில் என்ன ஆகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், அப்படியானால் நாளைக்கு? அடுத்த வாரம்?

வீட்டில் மச்சான் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார், இரண்டு ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆறு அடித்தது, பாட்டு ஆரம்பித்தது, அவள் இடது கை நாற்காலிக் கையில் தாளம் போட, முதல் அடிகளுக்கு வழக்கம்போல ம் ம் என்று ராகம் இழுத்தாள், அங்கே அவளுக்குச் சொல் கிடையாது. அந்த இடம் வந்தது. வாயைத் திறந்தாள். பாடு, பாடேன், என்று அவர் மனசுக்குள் கெஞ்சினார், ஒரு மனுஷன் இப்படியும் கெஞ்ச முடியுமா என்று இருந்தது. அவள் திறந்த வாயோடு பெட்டியைப் பார்த்தாள், விரல் தட்டிக்கொண்டே இருந்தது, சத்தம் வரவில்லை, இடைவெளி முடிந்ததும் வாய் மூடிக்கொண்டது. "பாத்தீங்களா மாப்ள, நின்னுடுச்சு" என்றார் மச்சான், குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததைச் சொல்வதுபோல, அவள் தலையைத் தடவிவிட்டு, மிச்ச ஆரஞ்சைத் தட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிப்போனார். இனி நல்ல வார்த்தை வருமாம், வரட்டும், எந்த வார்த்தையானாலும் வரட்டும்.

அடுக்களையில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டு காது கொடுத்தார். வீடு அமைதியாக இருந்தது, அசதியில் கண் அயர்ந்திருப்பாள், அயரட்டும் என்று நினைத்தார், நினைக்கச் சுகமாகக்கூட இருந்தது. தட்டை எடுக்கக் கூடத்துக்கு வந்தார். அவள் தூங்கவில்லை. தலையணை நழுவிக் கீழே கிடந்தது, உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்து, நாற்காலிக் கை விலாவில் அழுத்திக்கொண்டிருந்தது. அடுக்களைப் பக்கமே பார்த்தபடி வாயைத் திறந்தாள், விரலால் தாளம் தட்டினாள், சத்தமில்லாமல் சரியாக அந்த வரியின் நீளத்துக்குத் திறந்தே வைத்திருந்து மூடினாள். மறுபடியும் திறந்தாள். ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தபோது அவளுடைய கண்ணில், இவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறேனே, காதில் விழவில்லையா என்கிற கோபம் இருந்தது. எப்போதிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாளோ.