கஞ்சியக்கா முன்னால் நின்றவர்கள்

கஞ்சியக்காவைக் கூண்டில் ஏற்றிய நிமிஷத்தில் நீதிபதி எழுந்து நின்றார். எழுந்திருக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், முழங்கால் இரண்டும் தாமாக நிமிர்ந்துகொள்ள, கண்ணாடியும் கையுமாக அப்படியே நின்றார். அவருக்கு மரியாதை கொடுத்துத்தான் மற்றவர்களும் எழுந்தார்கள் என்று முதலில் தோன்றியது. ஆனால் அவர் திரும்ப உட்காரப் போனபோது உடம்பு மடங்கவில்லை. வக்கீல்களுக்கும் மடங்கவில்லை. தட்டச்சு செய்கிறவர் நின்ற இடத்திலிருந்தே குனிந்து குனிந்து தட்டினார். வேறு ஏதோ வழக்குக்காக வந்து கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தூக்கம் கலையாமலே எழுந்து நின்று, லேசாகக் குறட்டையும் விட்டார். நீதிமன்றச் சேவகர் பக்கத்தில் போய், நீதிபதியின் தோளில் கைவைத்து, "மன்னிக்கணும்ங்க" என்று சொல்லி அமுக்கிப் பார்த்தார். தூணை அமுக்கியதுபோல் இருந்தது. கூண்டில் நின்றவளுக்கு எல்லாரையும் பார்க்கச் சங்கடமாகிவிட்டது. "பரவால்லங்கய்யா, உக்காருங்க" என்றாள். அவர்களும் உட்காரத்தான் பார்த்தார்கள்.

இது எதனால் நடந்தது என்பதற்குப் பின்னால் பலரும் பல காரணம் சொன்னார்கள். கூண்டில் ஏறும்போது காவலர் ஒருவர் அவள் பிடரியில் கைவைத்து, "குனி, தலையைக் குனி" என்று அழுத்தினார் என்பதும், அவள் அந்தக் கையை ஈரத் துணியை எடுத்துப் போடுகிறமாதிரி எடுத்து ஓரமாக விட்டுவிட்டு நிமிர்ந்தாள் என்பதும் மட்டும்தான் எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம்.

அவள் ஊரின் பெரிய ஓட்டலில் துணி துவைக்கும் பிரிவில் கஞ்சி போடுகிறவள். மேஜைவிரிப்பு, கைத்துண்டு, சமையல்காரர்களின் தொப்பி எல்லாம் அவள் கைபட்டுத்தான் மொடமொடப்பாகும். அவள் கஞ்சி போட்ட தொப்பியைத் தரையில் வைத்தால் தலை இல்லாமலே நிற்கும் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். அந்தப் பேர்தான் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பேரைச் சம்பள நாளில் மட்டும் யாராவது கூப்பிடுவார்கள். அவள் புருஷன் கொத்தனார். மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செத்துப்போய், வருஷக்கணக்காகப் படுத்த படுக்கை. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே எந்தச் செங்கல் எந்தத் தப்பான கோணத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று விமரிசனம் செய்துகொண்டிருப்பார். படுத்தே கிடந்ததில் முதுகில் புண் வந்தது. புதுத் துணி புண்ணில் உரசும். துவைத்துத் துவைத்து நைந்துபோன துணிதான் அதற்கு இதம். அப்படிப்பட்ட படுக்கைவிரிப்புகள் ஓட்டலில் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். கிழித்துத் தரை துடைக்கப் போடுவதற்காக வைத்திருப்பார்கள். அதில் ஒன்றை எடுத்து வயிற்றில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். காலையில் ஒல்லியாக உள்ளே போனவள் சாயங்காலம் புஷ்டியாக வெளியே வருவதை வாசல் காவலாளி கவனித்துவிட்டான்.

ஓட்டல் மேலாளருக்கு அந்தச் சமயம் ஒரு ஆள் தேவையாக இருந்தது. வெள்ளிக் கரண்டிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. எடுத்தவர் யாரென்று அவருக்கும் தெரியும், ஆனால் அது சொல்லக்கூடிய ஆள் இல்லை. அந்த வருஷம்தான் வேலை செய்யும் இடத்தில் எதை எடுத்தாலும் இரண்டு வருஷம் கடுங்காவல் என்று சட்டம் வந்திருந்தது. குண்டூசிக்கும் இரண்டு வருஷம், குதிரைக்கும் இரண்டு வருஷம். நீதிபதி நின்றபடியே கேட்டார், எடுத்தாயா என்று.

"எடுத்தேங்கய்யா. கேட்டா குடுக்க மாட்டாங்கன்னு தெரியும். அதனால கேக்கல."

பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை வழக்கு நீண்டிருக்கும். உண்மையைச் சொன்னதால் சீக்கிரம் முடிந்தது. நீதிபதி கால் மாற்றிக் கால் மாற்றி நின்று தீர்ப்பை வாசித்தார். சாட்சிப்பொருளான அந்தப் பழைய விரிப்பு உறையில் போட்டு அரக்கு வைக்கப்பட்டது.

சிறைக்குக் கொண்டுபோவதில் சிக்கல் வந்தது. வேனில் அவளை ஏற்றியதும் ஓட்டுநர் எழுந்துவிட்டார், தலை கூரையில் இடித்தது. நின்றபடி வேன் ஓட்ட அவருக்குப் பயிற்சி இல்லை. வேறு வழியில்லாமல் நடத்தியே கூட்டிப்போனார்கள். கைவிலங்கோடு ஒரு பெண்ணைத் தெருவழியே நடத்திப் போனால் வேடிக்கை பார்ப்பார்கள், காறித் துப்புவார்கள் என்று காவலர்கள் எதிர்பார்த்தார்கள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். முடிவெட்டும் கடையில் பாதி முகம் மழித்து, பாதி முகம் சோப்பு நுரையோடு ஒருவர் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். வங்கியில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக எழுந்தார்கள். கஞ்சியக்கா முதலில் தரையைப் பார்த்துத்தான் நடந்தாள். விலங்கு போட்ட கையை முந்தானையால் மூடியிருந்தாள். அந்தத் தெருவின் கடைசியில் அவள் முந்தானையை இழுத்துச் சரிசெய்தபோது விலங்கு தெரிந்தது. அதை அவள் மறுபடி மூடவில்லை.

பெண்கள் சிறையில் காலையிலும் மாலையிலும் தலை எண்ணுவார்கள். மேலதிகாரி வரும்போது எல்லாப் பெண்களும் தரையில் குத்தவைத்து, இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு, அவர் செருப்பைப் பார்க்க வேண்டும். அதற்குமேல் பார்த்தால் பிரம்பு. பால்பவுடர் டப்பா எடுத்தவள், ரயில் நிலையத்தில் படுத்துத் தூங்கியவள், அனுமதி இல்லாமல் பூ விற்றவள் என்று அங்கே இருந்தவர்கள் எல்லாருமே செருப்பைப் பார்த்தே வருஷங்களைக் கழித்தவர்கள். கஞ்சியக்கா வந்த மறுநாள் காலை யாராலும் குத்தவைக்க முடியவில்லை. பயத்தில் சிலர் அழுதார்கள், முழங்காலை அடித்துப் பார்த்தார்கள், மடங்கவில்லை. அதிகாரி வந்தார். முதல்முறையாக அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்கள். மேலுதட்டில் ஒரு சின்ன வெட்டுக்காயம் இருந்தது, சவரம் செய்யும்போது பட்டது. "இவ்வளவுதானா?" என்று பால்பவுடர்க்காரி வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

நாளெல்லாம் நிற்பது கைதிகளுக்கும் கஷ்டம்தான். கஞ்சியக்கா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளாக மனசு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டால் மற்றவர்களால் உட்கார முடிந்தது, படுக்க முடிந்தது. அதனால் சாப்பாட்டு நேரத்தில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். எல்லாரும் சாப்பிட்டு முடித்து, "ஆச்சுக்கா" என்று சொன்ன பிறகுதான் தன் தட்டைத் தேடுவாள். இதைக் கேள்விப்பட்ட அதிகாரி அவள் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டச் சொன்னார். கட்டினார்கள். யாரும் உட்காரவில்லை.

அப்புறம் அவளைக் கடைசிக் கட்டடத்தில், தனியறையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். நடுவில் இரண்டு மதில், ஒரு காய்கறித் தோட்டம். அவ்வளவு தூரத்துக்கு அது எட்டாது என்று அதிகாரி வார்டர்களை வைத்துச் சோதித்துப் பார்த்திருந்தார். வார்டர்களால் முற்றத்தில் சௌகரியமாக உட்கார முடிந்தது. மறுநாள் காலை அவர் நாற்காலியில் அமர்ந்துகொண்டு, "குத்தவைங்க" என்றார். பெண்களின் முழங்கால்கள் அன்று நன்றாகவே மடங்கும் நிலையில்தான் இருந்தன. அவர்கள் மடக்கவில்லை. முதலில் பால்பவுடர்க்காரி நின்றாள், பக்கத்தில் பூக்காரி நின்றாள், பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர்களின் முதுகைப் பார்த்து நின்றார்கள். அன்று பிரம்பு பேசியது. சாப்பாடு நிறுத்தப்பட்டது. அடுத்த நாளும் நின்றார்கள், அதற்கு அடுத்த நாளும். ஒரு வயசான பெண் நிற்க முடியாமல் சாய்ந்தபோது இரண்டு பக்கமும் தோள் கொடுத்து நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். கடைசியில் எந்த உத்தரவும் இல்லாமலே தலை எண்ணுவது நின்றபடி நடக்க ஆரம்பித்தது. தனியறையில் கஞ்சியக்காவுக்கு இதைச் சாப்பாடு கொண்டுவந்த வார்டரம்மா சொன்னபோது, அவள் தட்டைக் கீழே வைத்தாள். அப்புறம், "அது நான் இல்ல" என்றாள். மறுபடியும், "அது அவங்களே" என்றாள். அந்தச் சிறையில் இருந்த காலத்தில் அவள் அழுதது அன்று ஒருநாள்தான்.

அவளை வெளியே அனுப்பிவிட்டால் போதும் என்று அதிகாரிக்கு ஆகிவிட்டது. மேலிடத்தில் பேசி ஒரு ஏற்பாடு செய்தார். நீதிமன்றத்தில் அவள் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டால் அன்றைக்கே விடுதலை. அவளே மடங்கிவிட்டால் இந்தத் தொல்லையும் அத்தோடு மடங்கிவிடும் என்பது அவர் கணக்கு.

அவளைப் பார்க்க வந்த நாத்தனார் இதைக் கேட்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தன் பிள்ளைகளையும் பார்த்து, அண்ணனையும் புரட்டிப் போட்டு, அவளுக்கு இடுப்பு ஒடிந்துபோயிருந்தது.

"அண்ணி, போட்டுடுங்க. ரெண்டு நிமிஷம் மண்டி போட்டா என்ன குறைஞ்சிடப் போகுது? அண்ணன் முதுகுல புண்ணு கையளவு ஆயிடுச்சு."

ஓட்டலில் தரை துடைத்த காலத்தில் கஞ்சியக்கா போடாத மண்டியா? துடைப்பதற்கு மண்டி போடுவதில் அவளுக்கு எந்த வெட்கமும் இருந்ததில்லை. இது வேறு. வேறு என்று நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. "உங்கண்ணன்கிட்ட கேட்டுட்டு வா. அவர் போடுன்னா போடறேன்" என்று சொல்லி அனுப்பினாள். சொல்லிவிட்டாளே தவிர, பதில் வரும்வரை தூக்கம் இல்லை. அவர் போடச் சொல்லிவிடுவாரோ என்று ஒரு பயம், சொல்லாமல் விட்டுவிடுவாரோ என்று ஒரு பயம்.

நாத்தனார் அடுத்த வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "அந்த மனுஷனுக்குக் கொழுப்பு அடங்கல. 'வீட்டுல ஒருத்தன் படுத்துக் கிடக்கறது போதும்னு சொல்லு'ங்கறாரு." சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கம்பிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேரும் நின்று சிரித்தார்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

நீதிமன்றத்தில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் சொன்னாள்: "அய்யா, கேக்காம எடுத்தது தப்பு. மன்னிச்சுக்கங்க. இத நின்னுக்கிட்டே சொல்றேன். மண்டி போடற அளவுக்கு அந்தத் துணி பெருசில்லைங்க." அப்புறம் நீதிபதியின் வீங்கிய கணுக்காலைப் பார்த்துவிட்டு, "நான் கண்ண மூடிக்கறேன், நீங்க உக்காந்து எழுதுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாள். நாற்காலிகள் கிரீச்சிட்டன. எல்லாரும் அப்பாடா என்று உட்கார்ந்தார்கள். நீதிபதி மட்டும் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மண்டியிட மறுத்ததால் தண்டனையைக் குறைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று எழுதச் சொன்னார். அதற்குப் பிறகு, ரொட்டி, செருப்பு, சைக்கிள் மணி என்று சின்ன வழக்கு எது வந்தாலும் அவர் நின்றுகொண்டே விசாரித்தார். சட்டத்தில் சந்து பொந்து இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார். தேடியதில் நிறைய இருந்தன.

கஞ்சியக்கா பாக்கித் தண்டனையை முழுசாக அனுபவித்தாள். அவளுக்கு முன்னாலேயே விடுதலையான பால்பவுடர்க்காரி விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய், நாத்தனார் கையிலிருந்த வேலையை வாங்கிக்கொண்டாள். அடுத்து பூக்காரி வந்தாள். தங்கள் வீட்டிலிருந்த பழம்புடவைகளைக் கொண்டுவந்து போட்டார்கள், காலையும் மாலையும் புரட்டிப் படுக்க வைத்தார்கள். புண் மெல்ல ஆறியது. மனிதர் கூரைச் செங்கலைப் பற்றிச் சொல்லப் புது ஆட்கள் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தார்.

அவள் வீடு திரும்பிய அன்று தெருவே திரண்டிருந்தது. அவள் வந்தால் படுத்தவரும் எழுந்து நிற்பார் என்று ஒரு நம்பிக்கை பரவியிருந்தது. யாரும் வாயால் சொல்லவில்லை, ஆனால் நாத்தனார் அண்ணனுக்குப் புதுச் சட்டை போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் செருப்பும் வைத்திருந்தாள். கஞ்சியக்காவுக்கும் அந்த ஆசை இருந்தது. வாசலில் நின்று, இமைக்காமல் அவரைப் பார்த்தாள். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள். அவர் படுத்தே கிடந்தார்.

"என்ன, எந்திரிக்கலையேன்னு பாக்கறியா?"

"ஆமாங்க."

"நானும் முக்கிப் பாத்தேன். வரல." கண் கலங்கியதை மறைக்க அவர் கூரையைப் பார்த்தார்.

அவள் கிட்டே போய்ச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, கழுத்தைத் தளர்த்திவிட்டாள். "விடுங்க. போற இடமெல்லாம் ஜனங்க நின்னு நின்னு எனக்கே கால் வலிக்குது. நீங்களாவது சும்மா கிடங்க" என்று சொல்லி, கட்டில் ஓரத்தில் அவர் இடுப்போடு ஒட்டி உட்கார்ந்தாள். இரண்டு வருஷத்தில் அவள் அப்படி உடம்பைத் தளரவிட்டு உட்கார்ந்ததில்லை.

ஓட்டல் அவளைத் திரும்ப எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கடைத்தெரு முனையில் இஸ்திரி போடும் வேலை பிடித்துக்கொண்டாள். அங்கே யாரும் உட்கார்வதில்லை. காலையில் அவள் வேலைக்குப் போகும்போது கடைத்தெரு எழுந்து நிற்கும், போனதும் உட்காரும். ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர், பழம் வாங்கக் குத்தவைத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தவர், என்னவென்று தெரியாமல் எழுந்து நின்று, என்ன விஷயம் என்று பழக்காரியிடம் கேட்டார். பழக்காரி நின்றபடியே தராசைப் பிடித்துக்கொண்டு, "அந்தக்கா போறாங்க" என்றாள். அவர் திரும்பி, கையில் தூக்குவாளியோடு தெருமுனையில் திரும்பும் பெண்ணைப் பார்த்தார். பிறகு, பழம் கிலோ என்ன விலை என்று கேட்டார்.