மூன்று நாள் துக்க விடுப்பு

ஊர் திரும்பும் விமானம் ஏற இன்னும் ஐம்பத்துமூன்று மணி நேரம் இருந்தது. அதுவரை நொபுயாசு கறுக்கக் கூடாது.

ஜூலை மாதத்து இஷிகாகி தீவில் கறுக்காமல் இருப்பது ஒரு முழுநேர வேலை. முழுக்கைச் சட்டை, கையுறை, கழுத்தை மறைக்கும் தொப்பி, முகக்கவசம், அதற்கு மேல் மனைவியின் பூப்போட்ட குடை. இத்தனையோடும் அவன் மணலில் உட்கார்ந்திருந்தான். பூசியிருந்த வெயில்தடுப்புக் களிம்பின் கனத்தில் சிரிக்க முடியவில்லை. சிரிக்கத் தோன்றவும் இல்லை.

கடலிலிருந்து மாமனார் கென்சாக்கு எழுந்து வந்தார். எழுபத்துநாலு வயது. சுறாமீன் படம் போட்ட சிவப்பு அரைக்கால் சட்டை. இரண்டு நாள் வெயிலில் சுட்ட கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, கடல்ல குளிக்க வந்தீங்களா, தேன் எடுக்க வந்தீங்களா?"

"எனக்கு வெயில் ஒத்துக்காது மாமா."

"போன வருஷம் கம்பெனி கோல்ஃப்ல காலைலேருந்து சாயந்திரம் வரைக்கும் நின்னீங்களே, அப்ப ஒத்துக்கிச்சா?"

"அது வேலை மாமா."

"தாத்தா, அப்பாவைத் தொடாதீங்க. வெள்ளை ஒட்டிக்கும்" என்றாள் பத்து வயது மகள் இட்சுகா.

நொபுயாசு தன் ஊரான சைத்தாமாவில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் கொள்முதல் பிரிவில் இருந்தான். அவன் கணக்கில் சம்பளத்தோடு முப்பத்தெட்டு நாள் விடுப்பு சேர்ந்திருந்தது. எல்லாருக்கும் சேர்ந்திருந்தது. எடுத்தவர்தான் யாரும் இல்லை. பிரிவுத் தலைவர் ஹிரகட்டா தன் கல்யாணத்துக்கே அரைநாள்தான் எடுத்தார் என்பது அங்கே பக்தியோடு சொல்லப்படும் கதை. அப்படிப்பட்ட இடத்தில் 'குடும்பத்தோடு கடலுக்குப் போகிறேன்' என்று சொல்ல அவன் மூன்று மாதம் குளியலறையில் ஒத்திகை பார்த்தான். கிளம்புவதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, தலைவரின் மேசை முன் போய் நின்றான். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒத்திகை பார்த்த வாக்கியம் வரவில்லை. வேறொன்று வெளியே வந்தது: வீட்டில் ஒரு சாவு.

சாவுக்கு விடுப்புத் தர அந்தக் கம்பெனியில் தயக்கமே கிடையாது. பிரிவில் இருந்த பதினான்கு பேரும் எழுந்து தலைகுனிந்தார்கள். சடங்கு குடும்பத்துக்குள் மட்டும், மலர் வேண்டாம் என்று அவன் சொன்னதும் இன்னும் ஆழமாகக் குனிந்தார்கள். இறந்தவர் பெயர், வயது, உறவு என்று படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. நிரப்பும்போது இரண்டு தடவை அடித்துத் திருத்தினான். துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். புதன், வியாழன், வெள்ளி கிடைத்தது. இப்போது கறுத்துப்போய்த் திரும்பினால், எந்தச் சுடுகாட்டில் இப்படி வெயில் அடித்தது என்று கேட்பார்கள். வேலை போகாவிட்டாலும், ஓய்வு பெறும்வரை இன்னும் இருபத்தொரு வருஷம் அந்தப் பதினான்கு முகங்களில் விழித்தாக வேண்டும்.

வீட்டில் யாருக்கும் இது தெரியாது. 'முதல் தடவையா நீங்களே லீவு கேட்டு வாங்கியிருக்கீங்க' என்று மனைவி ஃபுமிகா கண்கலங்கியிருந்தாள்.

போன் சிணுங்கியது. ஹிரகட்டா எழுதியிருந்தார்: 'துக்கத்தில் இருக்கும்போது தொந்தரவுக்கு மன்னிக்கவும். வால்வு விலைப்பட்டியல் எந்தக் கோப்பில் இருக்கிறது?' நொபுயாசு குடையை மடக்கி வைத்து, மணலில் முழந்தாளிட்டு, தலைகுனிந்தபடி பதில் எழுதினான்.

மறுநாள் மத்தியானம் துறைமுகத்துக்கு அருகே பரிசுக் கடை வாசலில் சண்டை வந்தது.

"ஆபீசுக்கு எந்த பிஸ்கட் பெட்டி வாங்கட்டும்?" என்றாள் ஃபுமிகா.

"ஆபீசுக்கு வேண்டாம்."

அவள் அவனைப் பார்த்த பார்வையில், 'எனக்கு வேறொருத்தி இருக்கிறாள்' என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது. ஊருக்குப் போனவன் திரும்பி வந்த காலையில் ஆளுக்கொரு பிஸ்கட்டைக் கையில் வைத்து, குனிந்து, 'உங்களுக்குச் சிரமம் கொடுத்தேன்' என்று சொல்லாமல் நாற்காலியில் உட்காரவே முடியாது.

"ஏங்க, பைத்தியமா உங்களுக்கு? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"இந்தத் தடவை விட்டுடு, ஃபுமிகா. சொன்னா கேளு."

கென்சாக்கு குறுக்கே வந்தார். "சண்டை வேண்டாம். நான் பார்த்துக்கிறேன்" என்று மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். தன் பங்குக்கு அண்டை வீட்டுக்காரர்களுக்கு வாங்கப் போகிறார் என்று நினைத்து நொபுயாசு நிழலில் நின்றுகொண்டான்.

கால்மணி நேரத்தில் அவர் வெற்றியோடு வெளியே வந்தார். கையில் கூரியர் ரசீது.

"உங்களுக்குத் தூக்கிட்டுப் போகச் சோம்பேறித்தனம், அதானே? ஃபுமிகாகிட்ட விலாசம் கேட்டு, பதினாலு பேருக்கும் சேர்த்து நேரா ஆபீசுக்கே அனுப்பிட்டேன். புதன்கிழமை போய்ச் சேர்ந்துடும்."

நொபுயாசு ரசீதை வாங்கிப் பார்த்தான். பெறுபவர்: கொள்முதல் பிரிவு, ஹிரகட்டா அவர்கள். அனுப்புபவர்: கென்சாக்கு. கீழே பெரிய பெரிய எழுத்தில் ஒரு வரி: 'என் மாப்பிள்ளையை இனிமேலும் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.'

அவன் கடைக்குள் ஓடினான். வண்டி வர இன்னும் பத்து நிமிஷம் என்றாள் கடைக்காரப் பெண்.

"அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுங்க."

"யார் பேர்ல இருக்கோ அவங்கதான் வந்து சொல்லணும், சார்."

"அவர் என் மாமனார்!"

"அப்ப கூட்டிட்டு வாங்களேன். வாசல்லதானே நிக்கிறார். நல்லா திடமாத்தான் இருக்கார்."

கென்சாக்கு தானாகவே உள்ளே வந்திருந்தார். பின்னால் ஃபுமிகா.

"ஏன் மாப்பிள்ளை, எதுக்கு நிறுத்தணும்?"

"அவங்களுக்கு... பிஸ்கட் பிடிக்காது மாமா."

"பதினாலு பேருக்குமா?"

"அப்பா பேர்ல போறதுதான் உங்களுக்குப் பிடிக்கலை" என்றாள் ஃபுமிகா. "மூணு நாளா பார்க்கிறேன். அவரோட ஒரு போட்டோவுக்குக்கூட நிக்கலை நீங்க."

கென்சாக்கு தன் கால்சட்டைச் சுறாமீன்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார். முதல் தடவையாக அவர் குரல் இறங்கியது.

"நான் மீன் மார்க்கெட்ல பெட்டி தூக்கினவன். என் எழுத்தும் கோணலாத்தான் இருக்கும். உங்க ஆபீஸ்ல என்னை யாருன்னே தெரியாது. அதனால பரவாயில்லைன்னு நினைச்சேன். கேவலமா இருக்குன்னா எடுத்துடுங்க."

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நொபுயாசு முகக்கவசத்தைக் கழற்றினான். தொப்பியையும் கழற்றினான்.

"உங்களை அங்க எல்லாருக்கும் தெரியும் மாமா. பேர், வயசு எல்லாம் தெரியும். உங்களுக்காகப் பதினாலு பேரும் எழுந்து நின்னாங்க."

"எனக்காகவா? எதுக்கு?"

"செவ்வாய்க்கிழமை நீங்க செத்துப்போயிட்டீங்கன்னு சொல்லித்தான் லீவு வாங்கினேன்."