நனைந்த சுமை

செங்கலைக் காணோம்.

மூக்காண்டி கைப்பிடிச் சுவரோரம் நின்று மறுபடியும் பார்த்தான். மொட்டை மாடி முழுக்கத் தண்ணீர், ஆடிக் காற்றில் மெல்ல நெளிந்துகொண்டு கிடந்தது. முந்தாநாள் தண்ணீர் கட்டியபோது ஒழுக்கைத் தடுக்க விரித்த கறுப்பு ஷீட் எழும்பாமல் இருக்க நடு மாடியில் ஒரு செங்கலை வைத்திருந்தான். அதன் தலை ஒரு விரல் அளவு வெளியே தெரிந்தது. நேற்றுகூட ஒரு காக்கை அதன் மேல் உட்கார்ந்திருந்தது. இன்று அந்தக் காக்கை வந்து, நடுவில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, உட்கார இடமில்லாமல் சுவருக்குப் போனது.

சங்கரன்கோவில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் ராஜேஸ்வரியின் வீடு அது. கட்டி நாற்பது வருஷம் இருக்கும். அவள் புருஷன் ஆவுடையப்பன் புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சை யாவாரம் பார்த்தவர். பக்கவாதம் வந்து ஒரு வருஷமாகக் கட்டிலில் கிடக்கிறார். வெக்கை தாங்காத மனுஷன். மாடியில் மண் போட்டுப் புல் வளர்த்தால் கீழே அறை குளிரும் என்று கேள்விப்பட்டு அவள் இந்த வேலையை ஆரம்பித்தாள். மண் ஏற்றுமுன் ஷீட் ஒழுகுகிறதா என்று பார்க்க, வடிகால் ஓட்டையை அடைத்து மூன்று நாள் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். அதற்குக் காவல் மூக்காண்டி. முடிவில் ஒரு தாளில் கையெழுத்தும் அவன்தான் போட வேண்டும். கையெழுத்து விழுந்தால் நாளைக் காலையில் மண் ஏறும்.

மாடிப்படிக் கதவின் சாவி அவன் இடுப்பில் இருந்தது. வேறு ஆள் ஏறவில்லை. அப்படியென்றால் செங்கலை எடுத்தது யார்?

உச்சி வெயில். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. அவன் கீழே இறங்கிப் போனான்.

ஆவுடையப்பனின் அறைக்கு வெள்ளைப் பலகையில் பொய்க்கூரை போட்டிருந்தார்கள். மூன்று நாளாகக் காலையும் மாலையும் அந்தப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். ஒரு சொட்டு ஈரம் இல்லை. இப்போதும் இல்லை.

ஆவுடையப்பனின் கண் கூரையிலேயே இருந்தது. வாய் கோணிக்கொண்டு ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுதாரு?" என்று மூக்காண்டி கேட்டான்.

"மூணு நாளா இதத்தான் சொல்லுதாவ அண்ணாச்சி" என்றாள் ராஜேஸ்வரி. "மேல ஒருத்தன் நடக்கானாம்."

"சாவி எங்கிட்டல்லா இருக்கு. யாரும் ஏறலக்கா."

"நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

ஆவுடையப்பன் நல்ல கையைத் தூக்கி, ஒரு விரலால் கூரையில் ஒரு கோடு போட்டார். சுவரோரம் ஆரம்பித்து அறையின் நடுப் பக்கமாக அந்த விரல் நகர்ந்தது. "ரெண்டு எட்டு வைப்பான்" என்று இழுத்து இழுத்துச் சொன்னார். "நிப்பான். பெறவு ஒரு எட்டு."

மின்விசிறியை ராஜேஸ்வரி நிறுத்தினாள்.

டொக்.

மூக்காண்டி படியேறி ஓடினான். மாடியில் ஆள் இல்லை. தண்ணீரில் ஒரு அலை, நடுவிலிருந்து சுவரைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்டது. கான்ட்ராக்டர் துரைப்பாண்டி கையில் தாளோடு ஏறி வந்தார்.

"என்னவே, குளத்துக்குக் காவல் பலமா இருக்கு. மீனு ஏதும் வளந்திச்சா?"

"செங்கலக் காணோம் மொதலாளி."

"கண்ணத் தொடச்சிட்டுப் பாரும்வே. அங்கனதான கெடக்கு."

கிடந்தது. வைத்த இடத்திலேயே, தண்ணீருக்கு அடியில்.

மூக்காண்டி சுவர் மூலைக்குப் போய், முந்தாநாள் போட்ட சாக்பீஸ் கோட்டைப் பார்த்தான். தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தது. மற்ற மூன்று மூலையிலும் அதேதான்.

"வெயிலு குடிச்சிருக்கும்" என்றார் துரைப்பாண்டி. "ஒழுக்கு இல்லேல்லா? போடும் கையெழுத்த."

"மூலையில கொறஞ்ச தண்ணி நடுவுல எப்படி கூடும்?"

"செங்கல் தண்ணி குடிச்சு முங்கியிருக்கும்."

"மொதல்லயே அது தரையிலதான கெடந்திச்சு. இன்னும் எங்க முங்கும்?"

துரைப்பாண்டி தாளை அவன் முன்னால் நீட்டினார்.

மூக்காண்டியின் சட்டைப்பையில் மடித்த வேறொரு தாள் இருந்தது. கடையநல்லூர் இன்ஜினியர் நியாஸ் அகமது எழுதிக் கொடுத்தது. தோஹாவில் இப்படிப்பட்ட கூரைகள் போட்டவர். அதில் ஆறு சொற்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டக் கற்ற மூக்காண்டி, ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படித்திருந்தான். வேர்த் தடுப்பு, வடிகால் அடுக்கு, வடிகட்டும் துணி என்று ஐந்துக்குப் பொருளைக் கையால் தொட்டுப் பார்க்க முடிந்தது. ஆறாவது மட்டும் பிடிபடவில்லை: நனைந்த சுமை. நேற்று போனில் கேட்டபோது நியாஸ் சொன்னார்: "காஞ்ச மண்ணுக்கு ஒரு எடை. மழை குடிச்சு நெறஞ்ச பெறவு அதே மண்ணுக்கு வேற எடை. கூர அந்த ரெண்டாவது எடையத் தாங்கணும்."

மண் வந்த பிறகு பார்க்க வேண்டிய விஷயம் அது என்று நேற்று நினைத்திருந்தான். இப்போது தண்ணீரைப் பார்த்தான். மூன்று நாளாக அந்தச் சுமை இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஆவுடையப்பனின் நெஞ்சுக்கு நேர் மேலே.

அவன் ஓடிப்போய் வடிகால் அடைப்பைப் பிடுங்கினான். துரைப்பாண்டி என்னவோ கத்தியது காதில் ஏறவில்லை. கீழே போய் ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரோரப் பலகை ஒன்றை மெல்லத் தூக்கி, செல்போன் வெளிச்சத்தை உள்ளே விட்டான்.

கம்பிகள் துருவேறிச் சிவந்து, விலா எலும்பு மாதிரி வெளியே தெரிந்தன. கான்கிரீட் நடுவில் வயிறு தள்ளியிருந்தது. பலகைகளின் முதுகில், சுவரோரம் தொடங்கி அறையின் நடு வரைக்கும், உள்ளங்கை அளவு கான்கிரீட் சில்லுகள் உதிர்ந்து கிடந்தன. ஒன்றன் முன் ஒன்றாக, ஆள் நடந்து போன தடம் மாதிரி. கடைசித் தடத்துக்கும் கட்டிலுக்கும் இரண்டு எட்டுத்தான் இருந்தது.

"மொதலாளி, கட்டிலப் பிடியும்" என்றான்.

பின்னாலேயே இறங்கி வந்த துரைப்பாண்டி எட்டிப் பார்த்தார். பிறகு கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தார். ஆவுடையப்பனைக் கட்டிலோடு தூக்கி வாசல் வேம்படியில் வைத்தார்கள். மூக்காண்டி அறைக் கதவைச் சாத்திப் பூட்டினான்.

துரைப்பாண்டி கொண்டுவந்த தாளில் 'கசிவு உண்டு', 'கசிவு இல்லை' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. அவன் இரண்டையும் விட்டுவிட்டு, அடியில் இருந்த வெற்றிடத்தில் எழுத்தெழுத்தாக எழுதினான்: 'தண்ணீர் ஒழுகவில்லை. கூரை இறங்குகிறது. இதில் மண் போடக் கூடாது.' அதன் கீழே பெயரைப் போட்டான். துரைப்பாண்டி அதை வாங்கிப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார்.

குழாய் வழியாகத் தண்ணீர் தெருவில் கொட்டி, சத்தம் மெலிந்து, நின்றது.

"அவ்வளவுதான், இனி ஒண்ணுமில்ல" என்றாள் ராஜேஸ்வரி, புருஷனின் நெற்றியைத் துடைத்தபடி.

ஆவுடையப்பன் பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலைத் தூக்கினார்.

டொக்.

எல்லோருக்கும் கேட்டது.

"ஒண்ணு" என்றார் அவர்.

யாரும் நகரவில்லை. மேலே காக்கை மட்டும் ஒரு தரம் கத்திவிட்டுப் பறந்து போனது.

டொக்.

"வந்துட்டான்" என்றார் ஆவுடையப்பன். "எங் கட்டில் கெடந்த எடத்துல நிக்கான்."