நடு வாயில் ஒரு பொன்னாடை

வியாழக்கிழமை சாயந்திரம் கொல்லையில் உட்கார்ந்து, சோப்புத்தூள் கரைத்த வாளிக்குள் எண்ணெய்த் துணிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்த ராசாத்தி ஏழோடு நின்றாள். எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி எண்ணினாள். ஏழுதான். மெக்கானிக் ரஞ்சித்குமாரிடம் அவள் கொடுத்தது எட்டு. கொடியில் காய்கிற உள்பாவாடை ஒன்று இடம் மாறினாலும் கண்டுபிடிக்கிறவள், எட்டு என்றால் எட்டுதான். ரஞ்சித்குமார் தன் வண்டியைத் துடைக்க ஒன்றை எடுத்துப் போயிருப்பான், போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அந்தத் துணி எங்கே என்று வீட்டில் யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாத காரணம் ஒன்று அவளுக்கு இருந்தது. அவை அவள் புருஷனின் பொன்னாடைகள்.

சாமிதுரை தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலத்தில் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் அவர் இல்லாமல் ஒரு ஆண்டு விழா நடந்ததில்லை. ஓய்வு பெற்றபின் அவர் இல்லாமல் நடக்கப் பார்த்த விழாக்களுக்கும் அவராகவே போய்ச் சேர்ந்தார். அப்படிச் சேர்ந்த பொன்னாடைகள் நூற்றுப் பன்னிரண்டு, குரும்பலூர் வீட்டு பீரோவில் அடுக்கி இருந்தன. பொன்னாடை ஒரு விசித்திரமான துணி. போர்த்தினால் குளிர் அடங்காது, துடைத்தால் ஈரம் போகாது, தைத்தால் யாரும் உடுத்தமாட்டார்கள். பல வருஷமாக ராசாத்தி அடித்தட்டிலிருந்து ஒன்றிரண்டாக உருவி, மாவு மிஷின் மூடவும், ஊறுகாய் ஜாடிக்கு வாய் கட்டவும், பரணில் பாத்திரம் சுற்றவும் வைத்துக்கொண்டாள். மேலே இருக்கிற நாற்பதைப் பார்த்துவிட்டுக் கீழேயும் அப்படியே இருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். புதன்கிழமை ரஞ்சித்குமார், "யக்கா, பஞ்சு உதிராத துணியா நாலு குடுங்க" என்று கேட்டபோதுதான் பொன்னாடைக்கு உலகத்தில் ஒரு வேலை இருப்பது அவளுக்கு விளங்கியது. நான்கை எடுத்து இரண்டிரண்டாகக் கிழித்து, ஓரத்தைத் தையல் மிஷினில் ஒரு ஓட்டு ஓட்டிக் கொடுத்தாள். ஜரிகையைப் பார்த்த ரஞ்சித்குமார் அவள் முகத்தையும் ஒருமுறை பார்த்தான். பிறகு வாங்கிக்கொண்டான்.

துணி தேவைப்பட்டது லாரிக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷத்து ஃபார்கோ, ஆறு சிலிண்டர், பெட்ரோல் வண்டி. நாலு வருஷத்துக்கு முன்னால் ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, டிராக்டர் வைத்து இழுத்துக்கொண்டு வந்து ராசாத்தியின் மாட்டுக் கொட்டகையில் நிறுத்தினார் சாமிதுரை. இரண்டு மாடுகளில் ஒன்றை விற்க வேண்டியதாயிற்று. மற்றது பக்கத்து வீட்டுக் கலியம்மாளின் வேப்பமரத்தடியில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. லாரி வந்த அதே மாதம் 'பெரம்பலூர் மாவட்டப் பழம்பெரும் ஊர்திகள் பாதுகாப்புப் பேரவை' பிறந்தது. தலைவர் அவர். செயலாளர் ரஞ்சித்குமார், லெட்டர்பேடு அச்சாகி வந்த பிறகுதான் அவனுக்கே அது தெரியும். பொருளாளர் ராசாத்தி. அவளுக்குத் தெரியாது என்று தலைவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நாலு வருஷத்தில் பேரவை பதினேழு தீர்மானம் நிறைவேற்றியது. லாரி ஒரு அடி நகரவில்லை. போன மாதம் ராசாத்தி ஒரே ஒரு தீர்மானம் போட்டாள்.

"ஏங்க, மாசி மொத வெள்ளிக்கெழம அது தானா ஓடி சிறுவாச்சூர் கோயில் வாசல்ல போயி நிக்கணும். இல்லன்னா நூர்தீன் பாய் வந்து இழுத்துட்டுப் போவட்டும். எனக்கு என் கொட்டாய் வேணும்."

திங்களும் வெள்ளியும்தான் அந்தக் கோயில் நடை திறக்கும். வெள்ளி தவறினால் திங்கள் வரை பொறுக்கச் சொல்வார் என்று தெரிந்தே, "வெள்ளிதான், பதினோரு மணிக்குள்ள. திங்க கெடையாது" என்றும் சேர்த்துச் சொன்னாள். நூர்தீன் பாய்க்கு லப்பைக்குடிக்காடு. துபாயில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்து மெயின்ரோட்டில் ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் சிமெண்ட் மேடை போட்டு, அதில் இந்த லாரியை ஏற்றி, சீரியல் பல்பு சுற்றி, பின்பக்கம் புரோட்டாக் கல் போடுவது அவர் திட்டம். அதைக் கேட்ட அன்று சாமிதுரை ராத்திரிச் சாப்பாட்டை மறுத்துவிட்டார். ஆனாலும் ஒத்துக்கொண்டார், தன் எஞ்சின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

எஞ்சினுக்கு இருந்த வியாதி மேனிபோல்டில். பெட்ரோலும் காற்றும் கலந்து சிலிண்டர்களுக்குள் போகிற வார்ப்பிரும்புக் குழாய் அது. பழையதில் நீளமாக ஒரு விரிசல் ஓடி, அதன்மேல் எத்தனையோ கைகள் எம்சீல் பசை அப்பியிருந்தன. சாமிதுரை அதை 'உள்ளிழுப்புப் பன்முகக் குழாய்' என்பார். அவர் ஒருமுறை அதைச் சொல்லி முடிப்பதற்குள் ரஞ்சித்குமார் இரண்டு நட்டு கழற்றிவிடுவான். மாற்று மேனிபோல்டைத் திருச்சிப் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்துக் கொடுத்தவர் நூர்தீன் பாயேதான். "என் ஓட்டலுக்கே வந்தாலும் வண்டி முழுசா வரணும்ல சார்" என்றார்.

புதன்கிழமை அதை மாற்றினார்கள். ஆட்டுக்கல் கனம். அதைத் தூக்கக் கொட்டகை விட்டத்தில் செயின் பிளாக் கட்டப் போனபோது, "அது மாட்டுக் கவுறு தாங்குற விட்டம், கூரையோட எறங்கிடப் போவுது" என்று ராசாத்தி இரண்டு சவுக்குக் கழியை முட்டுக்கொடுக்க வைத்தாள். பழையதை இறக்கியதும், திறந்து கிடக்கிற ஓட்டைகளுக்குள் நட்டோ தூசியோ விழாமல் துணி வைத்து அடைக்க வேண்டும். எஞ்சின் பக்கத்து வாய்களை ரஞ்சித்குமார் அடைத்தான். புதியதன் வாய்களை அடைக்கிற பொறுப்பைத் தலைவரே ஏற்றார். மோர் கொண்டுவந்த ராசாத்தி நின்று பார்த்தாள். அவர் ஒரு துணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு சின்னதாகச் சுருட்டி, நடு வாய்க்குள் ஆள்காட்டி விரல் முழுக்கப் போகும்வரை தள்ளினார். அதைச் செய்யும்போது அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாற்பது வருஷத்தில் அவர் பேசாமல் ஒரு காரியம் செய்து அவள் பார்த்ததில்லை. ஏதோ கவலை என்று நினைத்தாள்.

செயினில் தூக்கியபோது பேச்சு திரும்பிவிட்டது. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, "அன்பார்ந்த பேரவை உறவுகளே" என்று வீடியோவுக்கு உரையாற்றத் தொடங்கினார். அந்தரத்தில் ஆடிய இரும்பை வயிற்றால் முட்டுக்கொடுத்து, ஒற்றைக் கையால் கண்ணுக்குத் தெரிந்த துணிகளை உருவிப் போட்டுவிட்டு ரஞ்சித்குமார் போல்ட்டில் ஏற்றி முறுக்கினான். உரை அப்போது இரண்டாம் உலகப் போருக்கு வந்திருந்தது.

அன்று ராத்திரி சாமிதுரை ரசத்துக்கு இன்னொரு கரண்டி சாதம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையை நினைத்து வருத்தப்படுகிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொட்டகை வாசலில் பிளக்ஸ் கட்டியாயிற்று. அதில் லாரி சின்னதாகவும் சாமிதுரை பெரிதாகவும் இருந்தார்கள். பேரூராட்சியின் முன்னாள் துணைத்தலைவர் கோகுலகிருஷ்ணன் வந்து தலைவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். பத்துப் பதினைந்து பேர் லட்டோடு நின்றார்கள். தெருமுனையில் இழுவை வண்டியை நிறுத்திவிட்டு, நூர்தீன் பாய் வெள்ளைச் சட்டையில் வந்து கலியம்மாள் வீட்டுச் சுவர் ஓரமாக மரியாதையாக நின்றுகொண்டார். அவரைக் காணாத மாதிரி சாமிதுரை எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கடியில் வைத்தார்.

முன்னால் ஹேண்டிலைச் சொருகிச் சுற்றினார். எஞ்சின் இருமியது. உடம்பெல்லாம் உதறி, நாலு தடவை குலுங்கி, நின்றுவிட்டது. மறுபடி சுற்றினார். மறுபடி இருமல். மூன்றாவது முறை அதுகூட இல்லை. தோளில் இருந்த பொன்னாடையை எடுக்காமலே சுற்றியதால் அது வழுக்கி வழுக்கி முழங்கையில் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் எடுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டார்.

"ஸ்பார்க் இருக்கு, பெட்ரோல் இருக்கு" என்றான் ரஞ்சித்குமார், எஞ்சினுக்குள் தலையை விட்டபடி. "நடு ரெண்டு சிலிண்டரு பட்டினி கெடக்குது சார். காத்தே போவ மாட்டேங்குது."

ராசாத்திக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. எட்டாவது துணி எங்கே இருக்கிறது என்று ஒரு முழத்துக்குள் அவளால் சொல்ல முடியும்.

சும்மா நின்றால் போதும். பதினோரு மணிக்கு பாய் கடிகாரத்தைப் பார்ப்பார், இழுவை வண்டி உள்ளே வரும், கொட்டகை காலியாகும். நாளைக்கே தரையைக் கழுவிவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டலாம். சொன்னாலோ, என்ன துணி, ஏது துணி என்று கேள்வி வரும். ஊறுகாய் ஜாடி வரைக்கும் போகும். அந்தக் கூட்டத்தில் அதைச் சொல்லிவிட்டு அந்த வீட்டில் எப்படி உலை வைப்பது. முந்தானையை வாய்க்குக் குறுக்கே பிடித்துக்கொண்டாள். கோகுலகிருஷ்ணன் யாரிடமோ, "இதுக்கு எதுக்குய்யா பிளக்ஸு, இழுத்துட்டுப் போவ ஆளு நிக்குதே" என்று தாழ்ந்த குரலில் சொன்னதும் இரண்டு பேர் சிரித்ததும் அவள் காதில் விழுந்தது. சாமிதுரை காதிலும் விழுந்திருக்கும். அவர் திரும்பவில்லை. நாலாவது தடவை ஹேண்டிலைச் சொருகக் குனிந்தவர், மூச்சு வாங்கி, ஒரு கையை பம்பரில் ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார். வெளுத்துப்போன சட்டைக் காலருக்கு மேலே கழுத்து நரம்பு அடித்துக்கொண்டிருந்தது. இவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு ஒரு ஆளுக்குத்தான் பாத்தியதை உண்டு என்று ராசாத்திக்குத் தோன்றியது.

"ரஞ்சித்து" என்றாள். "எட்டுத் துணி குடுத்தேன். ஏழுதான் திரும்ப வந்துது."

ரஞ்சித்குமார் ஸ்பானரைக் கீழே வைத்தான். "யக்கா, இத நேத்தே சொல்றதுக்கு என்ன?"

"நீ வண்டி தொடைக்க எடுத்துட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன்."

"ஏம்ப்பா, மெக்கானிக்கு, துணிய உள்ள வச்சே பூட்டிட்டியா?" என்று கோகுலகிருஷ்ணன் உரக்கக் கேட்டார்.

சாமிதுரை நிமிர்ந்தார். "ரஞ்சித்து மேல தப்பு இல்லீங்க" என்றார். மைக் இல்லாமல் அவர் குரல் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்பது அங்கே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. "நடு வாயில வச்சது நாந்தான். எடுக்கறதுக்கு மறந்துட்டேன்."

பிரித்து மாட்ட ஒரு மணி நேரமாவது ஆகும் என்றதும் கூட்டம் லட்டை முடித்துக்கொண்டு கலைந்தது. துணைத்தலைவருக்கு அரியலூரில் ஒரு காதுகுத்து இருந்தது. பாய் மட்டும் போகவில்லை. வாடகைச் செயின் பிளாக்கை முந்தின நாளே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையாலேயே இறக்க வேண்டியிருந்ததால், ஒரு முனையை ரஞ்சித்குமாரும் சாமிதுரையும் தாங்க, மறு முனைக்கு ஆள் இல்லை. அவர் வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டு வந்து பிடித்தார்.

"பாய், நீங்க பிடிச்சா வண்டி உங்களுக்குக் கெடைக்காது, யோசிச்சுக்குங்க" என்றான் ரஞ்சித்குமார்.

"பதினோரு மணி இன்னும் ஆவல தம்பி. எனக்குன்னு அல்லா எழுதியிருந்தா எனக்கு. நீ காலப் பாத்து வையி."

நீட்டு மூக்குக் குறட்டால் பிடித்து ரஞ்சித்குமார் இழுத்தான். கருத்துப்போய், பெட்ரோல் நாற்றத்தோடு, ஜரிகை மினுங்க மினுங்க முழத்துணி வெளியே வந்தது. "இன்னும் ரெண்டு சுத்து சுத்தியிருந்தா வால்வுல போயி மாட்டியிருக்கும்" என்று சொல்லி ராசாத்தி கையில் போட்டான். அவள் வாளிக்குள் போடுவதற்கு விரித்தாள். ஓரத்தில் சலவைக்காரர் குறிக்கிற கறுப்பு மையில் சாமிதுரையின் குண்டு எழுத்து. எல்லாப் பொன்னாடையிலும் அவர் தேதியும் பேரும் எழுதி வைப்பார். எடுக்கும்போது அவள் படித்ததில்லை.

'31.5.2018. அரியலூர். பணி நிறைவு விழா. போர்த்தியவர்: பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். வாங்கியவர்: ராசாத்தி.'

அன்றைக்கு விழாவில் மாலை வந்திருந்தது, பொன்னாடையை யாரும் வாங்கி வைக்கவில்லை. மேடையில் அவர் உட்கார்ந்திருக்கும்போதே அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடி, நூற்று முப்பது ரூபாய்க்கு ஒன்று வாங்கிவந்து பின்வாசலில் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை.

"தெரியுமா உங்களுக்கு?"

"வேர்க்க வேர்க்க வந்து ஒக்காந்தியே" என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே. "புதன்கெழம கையில வந்ததும் பாத்தேன். இவன் கண்ணுல படக்கூடாதுன்னு உள்ள தள்ளுனேன். அப்பறமா எடுத்து, பீரோவுல இருந்த எடத்துலயே வச்சிடலாம்னு இருந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா மத்ததெல்லாம் எங்க போச்சுன்னு நீ சொல்லிடுவியோன்னு பயம்."

ராசாத்தி எண்ணிப் பார்த்தாள். "மிச்சம் நாப்பது இருக்கும்" என்றாள்.

அவர் தலையாட்டினார். பக்கத்தில் குனிந்து நட்டு முறுக்கிக்கொண்டிருந்த பாயின் தோள் குலுங்கியது. இருமுகிறார் போல இருந்தது.

பூட்டி முடித்தபோது பதினொன்று தாண்டிவிட்டது. யாரும் கடிகாரத்தைப் பற்றிப் பேசவில்லை. ரஞ்சித்குமார் கார்பரேட்டரைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பாய் பெட்ரோல் குழாயை அழுத்திக்கொள்ள வேண்டும், சாமிதுரை ஹேண்டில் சுற்ற வேண்டும். உள்ளே ஏறி சோக் குமிழைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. "யக்கா, ஏறுங்க. அந்தக் குமிழ இழுத்துப் புடிங்க. நான் சொல்ற வரைக்கும் உடக் கூடாது" என்றான் ரஞ்சித்குமார். நாலு வருஷத்தில் அவள் அந்த வண்டிக்குள் ஏறுவது அதுதான் முதல் தடவை. சீட்டு அவள் நினைத்ததைவிட உயரமாக இருந்தது. வைக்கோல் நெடியும் ஆயில் நெடியும் கலந்து அடித்தது. குமிழை இழுத்துப் பிடித்தாள்.

முதல் சுற்றில் இருமல். இரண்டாவதில் ஒரு பெருமூச்சு. மூன்றாவதில் காலுக்குக் கீழே இருந்து ஏதோ ஒன்று எழுந்து, முழங்கால் வழியாக ஏறி, ஆறு சிலிண்டரும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டது. கொட்டகைக் கூரையில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த தூசியெல்லாம் பாயின் தலைமேல் கொட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் மாடு எழுந்து கயிற்றை இழுத்தது. கண்ணாடிக்கு வெளியே சாமிதுரை ஒரு கையில் ஹேண்டிலோடு, மறு கையை உயர்த்திக்கொண்டு, அவளைப் பார்த்து ஏதோ நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரஞ்சித்குமார் விடச் சொன்னானா இல்லையா என்பதும் கேட்கவில்லை. கண்ணாடி வளையல்கள் தாமாகக் குலுங்கிக்கொண்டிருக்க, ராசாத்தி குமிழை விடாமல் பிடித்துக்கொண்டு அவர் பேசுவதற்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டினாள்.