முழங்கால் படம்

வீட்டுக்குள்ளேயே ஒரு எலும்பு டாக்டர் இருந்தால் எவ்வளவு வசதி என்று ஊரே சொல்லும். அந்த வசதியில் தீயை வைக்க என்று கறுவிக்கொண்டு, குழந்தைகள் எலும்புப் பிரிவு வாசலில் மகளோடு உட்கார்ந்திருந்தாள் அவள். அந்த டாக்டர் வேறு யாருமில்லை, அவள் புருஷனின் தம்பிதான். வயசானவர்களுக்கு முழங்கால் மாற்றுவதில் பெரிய கை. பன்னிரண்டு வயசு அண்ணன் மகள் முழங்கால் வலிக்கிறது என்று அழுதபோது, முழங்காலைப் படம் எடுத்தான். எலும்பு கல்லு மாதிரி இருக்கிறது, உடம்புதான் பெருத்துக் கிடக்கிறது, நன்றாக நடக்க விடுங்கள் என்று சொல்லிவிட்டான்.

மூன்று மாசம். அவளும்தான் அதற்கு ஆமாம் சாமி போட்டாள். நொண்டி நொண்டி வந்த பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டி, தினமும் சாயங்காலம் தெருவை நாலு சுற்று சுற்ற வைத்தாள். நேற்று அந்தக் காலின் பாதம் ஒரேயடியாக வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் இது சோம்பல் இல்லை என்று உறைத்தது. யாரிடமும் மூச்சு விடாமல் இங்கே கூட்டிவந்துவிட்டாள்.

இங்கிருந்த டாக்டரம்மா முழங்காலைத் தொட்டுப் பார்த்ததோடு சரி. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்துத் தொடையை மேலே மடக்கினார். கால் நேராக வராமல் தன்பாட்டுக்கு வெளியே சாய்ந்தது. உடனே இடுப்பைப் படம் எடுக்கச் சொன்னார். தொடை எலும்பின் உச்சியிலிருக்கும் பந்து நழுவிக்கொண்டிருக்கிறதாம். வளர்கிற வயசில் சிலருக்கு இப்படி வரும், கோளாறு இடுப்பில், வலி முழங்காலில் என்றார். இன்றைக்கே ஒரு திருகாணி போட்டு நிறுத்த வேண்டும். அதுவரை ஒரு எட்டுகூட வைக்கக் கூடாது. முழுசாக நழுவினால் ரத்த ஓட்டம் நின்று மூட்டே பாழாகிவிடும். சொல்லிவிட்டு ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்யப் போனார்.

கையெழுத்துப் போட வரச்சொல்லிப் புருஷனுக்கு போன் போட்டாள். அந்த மனுஷன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். கொழுந்தனுக்கு மூக்குக்கு மேல் கோபம். தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் கண்டவர்களிடம் காட்டி மானத்தை வாங்கிவிட்டாளாம். புதுப் படத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"எழுந்திரு, வீட்டுக்குப் போலாம்," என்றான் பிள்ளையிடம்.

சித்தப்பாவிடம் மறுபேச்சு பேசிப் பழக்கமில்லாத பிள்ளை. கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டது. அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ, கொழுந்தனைச் சுவரோரம் தள்ளிவிட்டு இரண்டு காலையும் அள்ளிக் கட்டிலில் போட்டாள். தம்பி மேலேயே கை வைக்கிறாயா என்று புருஷன் பாய்ந்து வந்தான்.

"முதல்ல கையெழுத்தப் போடுங்க. உங்க தம்பியோட மானத்த அப்புறமாத் தேடிக்கலாம்."

படத்தைக் கொழுந்தன் கையில் திணித்தாள். அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. தம்பியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் புருஷன் பேனாவை எடுத்தான்.

பிள்ளையை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி வராந்தாவுக்குக் கொண்டுவந்தபோதும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்க்கக் கொழுந்தனைப் பிடிபிடியென்று பிடித்தாள். "மூணு மாசமா வலிக்குது வலிக்குதுன்னு கதறிச்சே, நம்பினீங்களா?"

"நீயும்தாம்மா நம்பல," என்றது பிள்ளை.

அவள் மகளின் கையைப் பிடிக்கப் போனாள். பிள்ளை கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டது.