கொரட்டூர் வரைக்கும்

“அந்தக் கண்ணாடியில மட்டும் கை வெக்காதீங்க” என்றாள் சாவித்திரி.

வீட்டில் ஆட்கள் கூடியதிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்த இரண்டு ஆட்களும் வாசற்படியில் ஒரு கால், கூடத்தில் ஒரு கால் என்று அப்படியே நின்றார்கள். கூடத்தின் நடுவில் கறுப்புத் துணி போர்த்தியபடி கேமரா நின்றுகொண்டிருந்தது. இரும்பு ஸ்டாண்டு, அதன்மேல் பழைய டி.வி. பெட்டி அளவுக்கு ஒரு மரக்கூடு, அதன் முகத்தில் சொம்பு கனத்துக்கு ஒரு லென்ஸ். ஆவடி பருத்திப்பட்டில் ஏரிக்குப் பக்கத்துச் சந்து வீடு அது. இருப்பது ஒரே கூடம். பெட்டியை வைக்க வேறு இடம் கிடையாது.

இறந்தவர் உள்ளறைக் கட்டிலில் கிடந்தார். அவள் புருஷன் பக்தவத்சலம். காலையில் நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது, ஒரு சோடா வாங்கி வா என்று அனுப்பினார். அவள் தெருமுனைக் கடையிலிருந்து பாட்டிலோடு வந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் திரும்பவில்லை.

“எழவு ஊட்ல இது இன்னாமா தொல்ல” என்றார் சம்பத். பக்தவத்சலத்தின் அண்ணன். “ரெண்டு தட்டு தட்டினா கயண்டுட்டுப் போவுது. டேய் சரணு, சுத்தியல் எங்கடா கீது?”

சரண் அம்மாவைப் பார்த்தான். அயனம்பாக்கம் ஃபிளாட்டிலிருந்து நைட் டிரஸ்ஸோடு பைக்கில் வந்தவன்; இன்னும் சட்டை மாற்றவில்லை.

“சுத்தியல் வேணாம் மாமா. நானே கயட்றேன்” என்றாள் அவள்.

சாவித்திரி துணியை உருவினாள். பக்கவாட்டு இறக்கைத் திருகுகளைத் தளர்த்தினாள். லென்ஸுக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக நீண்டிருந்த துருத்தியை இரண்டு உள்ளங்கைகளாலும் மெதுவாக உள்ளே தள்ளினாள். லென்ஸைப் பலகையோடு எடுத்து, புடவைத் தலைப்பில் சுற்றி, இடுப்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு மரக்கூட்டைத் தூக்கி ஓரமாக வைக்கச் சொல்லி ஆட்களுக்குக் கை காட்டினாள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் செத்த வீட்டில் ஒருத்தி அழாமல் திருகு கழற்றுவதை அவர்கள் பார்த்ததில்லை.

அந்தத் துருத்தி அவள் தைத்தது. ஆட்டோவுக்கு சீட் தைக்கிற கடையிலிருந்து கறுப்பு ரெக்ஸின் வாங்கி வந்து, அட்டையில் மடிப்புக் கோடு போட்டுக் கொடுத்தார் பக்தவத்சலம். வெளிச்சம் ஒரு ஊசி முனை அளவுகூட உள்ளே போகக் கூடாது என்றார். “அப்ப ஊசியில தைக்கச் சொல்றியே, அது எப்பிடி?” என்று அவள் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே யோசித்து, தையல் மேலெல்லாம் கோந்து பூசலாம் என்றார். அவளுடைய மிஷினில் ஊசிகள் உடைந்துகொண்டே இருந்தன. அந்த மாதம் பக்கத்து வீட்டுக் கல்யாண ஜாக்கெட்டுகளெல்லாம் தாமதமாயின.

லென்ஸ் அவர் வேலை பார்த்த அச்சகத்திலிருந்து வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்த அச்சகத்தில் ஒரு அறை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு கேமரா இருந்தது. ஒட்டி வைத்த பக்கங்களை அது அப்படியே ஃபிலிமில் எடுக்கும். அதிலிருந்து அச்சுத் தகடு செய்வார்கள். அதை ஓட்டியவர் பக்தவத்சலம். கம்ப்யூட்டரிலிருந்தே தகடு வர ஆரம்பித்ததும் கேமராவைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். லாரி வருவதற்கு முன்னால் முதலாளியிடம் கேட்டு லென்ஸை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டார்.

அச்சகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். “யோவ், அது தட்டையா ஒட்டி வெச்ச பேப்பர, பக்கத்துல வெச்சி, பளீர்னு லைட்டு போட்டு எடுக்கறதுக்குச் செஞ்ச கண்ணாடி. மரம், மனுஷன் மூஞ்சியெல்லாம் அதுக்கு எப்பிடித் தெரியும்?” என்று ஃபோர்மேன் கேட்டாராம்.

“எது பேப்பரு, எது ஏரின்னு கண்ணாடிக்கு யாரு போய் சொல்லப் போறா?” என்று சொல்லிவிட்டு வந்ததாக அன்று ராத்திரி சாப்பிடும்போது சாவித்திரியிடம் சொன்னார்.

ஃபோர்மேன் சொன்னதும் முழுப் பொய்யில்லை. முதலில் எடுத்த படங்களில் நடுவில் மட்டும் தெளிவு இருந்தது. ஓரமெல்லாம் நனைந்த மாதிரி கலங்கிக் கிடந்தது. லென்ஸின் துவாரத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். ஒரு நாள் ஏரிக்கரையில் எடுத்த படம் கோரைப்புல்லின் ஒவ்வொரு தாளையும் காட்டியது. தண்ணீருக்கு அந்தப்பக்கம் கொடியில் காய்ந்த ஒரு லுங்கியின் கட்டம் வரைக்கும் தெரிந்தது. அன்றைக்கு அவரால் சாப்பிட முடியவில்லை. ஈரப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையல்கட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

ஆனால் துவாரம் சுருங்கினால் வெளிச்சம் குறையும். அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். அச்சக லென்ஸுக்கு ஷட்டரே கிடையாது. பால் பவுடர் டப்பா மூடி ஒன்றுக்கு உள்ளே வெல்வெட் ஒட்டி, அதையே கழற்றி மாட்டினார். நேரம் பார்க்கக் கடிகாரம் தேவைப்படவில்லை. தினமும் வேலைக்குப் போன ரயிலின் ஸ்டேஷன்களை வாய்க்குள் சொல்வார். ஆவடி, அன்னனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர். நல்ல வெளிச்சம் என்றால் அன்னனூரிலேயே மூடிவிடலாம். மேகம் என்றால் அம்பத்தூர். வீட்டுக்குள் ஜன்னல் வெளிச்சத்தில் எடுப்பதானால் கொரட்டூர் வரைக்கும் போக வேண்டும்.

அவ்வளவு தூரம் யாராலும் அசையாமல் வர முடியவில்லை. மீன்காரம்மா திருமுல்லைவாயலில் சிரித்துவிடுவாள். சரண் அன்னனூரிலேயே மூக்கைச் சொறிவான். சாவித்திரி மட்டும் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். தையல் மிஷின் முன்னால், கீரை ஆய்ந்தபடி, காய்ச்சலில் கம்பளி போர்த்திக்கொண்டு என்று எத்தனையோ படங்கள். “ஊர்ல அத்தினி பேரும் நடுவுல எறங்கிப் பூட்றாங்க. நீ ஒருத்திதான் கொரட்டூர் வரைக்கும் வர்றே” என்பார். அவள் முகம் கொடுக்காமல் உள்ளே போய்விடுவாள். அடுப்பங்கரையில் நின்று தனியாகச் சிரிப்பாள்.

முகமது இஸ்மாயில் வந்தபோது உச்சி வெயில். பக்தவத்சலத்தோடு அதே அச்சகத்தில் தகடு கழுவியவர். ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் குனிந்து, நண்பரின் முகத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மரக்கூட்டைப் பார்த்தார்.

“யாரும்மா கயட்னது?”

“நான்தான் பாய்.” சாவித்திரி எழுந்து அவர் பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “மாட்டினா எடுக்க முடியுமா?”

“இன்னா எடுக்கணும்?”

“அவரையும் என்னையும். அதுல நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருந்ததே இல்ல பாய். மூடியக் கயட்ட ஒரு ஆள் வேணும்ல. அவரு எப்பவும் அந்தாண்டையே நின்னுட்டாரு.”

இஸ்மாயில் தாடியைத் தடவினார். “ஃபிலிம் கீதா?”

“சட்டத்துல ஒண்ணு போட்டு வெச்சிருக்காரு. ஞாயித்துக்கெழம ஏரிக்குப் போலாம்னாரு.”

எக்ஸ்ரே ஃபிலிம்தான். மருத்துவச் சாமான் விற்கும் கடையில் வாங்கி, இருட்டில் வெட்டி, அவரே செய்த மரச் சட்டத்தில் போட்டு மூடி வைப்பார்.

சம்பத்துக்கு விஷயம் தெரிந்ததும் பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரல் உயர்ந்தது. “பொணத்தோட போட்டோவா? எந்தக் காலத்துல கீறீங்க? அத்தப் பாத்துகினே எப்பிடிமா ஊட்ல இருப்பே? வேணும்னா சரணு போன்ல ஒண்ணு எடுத்துக்கட்டும்.”

“போன்ல வேணாம் மாமா.”

“நேரம் ஆவுது. சுடுகாட்டுக்கு சொல்லிட்டு வந்துகீறேன்.”

“குளிப்பாட்டினப்பறம் கொஞ்ச நேரம்தான். அப்பறம் நீங்க சொல்றத நான் கேக்கறேன்.”

சம்பத் சரணைப் பார்த்தார், அவனாவது சொல்லட்டும் என்று. சரண் போய் இரும்பு ஸ்டாண்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினான். “பாய், எங்க வைக்கணும் சொல்லுங்க” என்றான். அவன் மனைவி சிம்ரன் கறுப்புத் துணியை எடுத்து உதறி, தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் பின்னால் போனாள்.

சந்தில் பந்தலுக்கு எதிரே கேமரா நின்றது. சாவித்திரி லென்ஸைத் தலைப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அது அவள் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. இஸ்மாயில் மாட்டினார். துணிக்குள் தலையை விட்டு முன்னும் பின்னும் நகர்த்தினார். பிறகு ஃபிலிம் சட்டத்தைப் பின்பக்கம் செருகினார்.

குளிப்பாட்டி, வேட்டி சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, பந்தலின் கீழ் பெஞ்சில் கிடத்தினார்கள். தலைமாட்டில் ஒரு நாற்காலி போட்டு சாவித்திரியை உட்காரவைத்தார்கள். அவளுக்குத் தலை நிறையப் பூ வைத்து, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் இட்டிருந்தார்கள். சரணும் சிம்ரனும் பின்னால் நின்றார்கள். கூப்பிடாமலே சம்பத் வந்து தம்பியின் கால்மாட்டில் நின்றுகொண்டார்.

“மோளத்த நிறுத்தச் சொல்லுங்க” என்றார் இஸ்மாயில். “தரை அதிருது. பெட்டி ஆடும்.”

மேளம் நின்றது. சந்தே நின்ற மாதிரி இருந்தது. ஏரிப் பக்கமிருந்து ஒரு நீர்க்கோழி சத்தம் வந்தது. அதுவரைக்கும் மேளத்தின் கீழே எங்கோ இருந்த பெண்களின் விசும்பல் மேலே வந்து, அதுவும் அடங்கியது.

சாவித்திரி பக்தவத்சலத்தின் மணிக்கட்டின்மேல் கையை வைத்தாள். சில்லென்று இருந்தது.

“எதுவரைக்கும் பாய்?” என்று கேட்டாள்.

“நெழலு நெறைய கீதுமா. கொரட்டூர் வரைக்கும் போவணும்.”

அவர் மூடியைக் கழற்றினார். ஆவடி என்று அவர் உதடு அசைவது தெரிந்தது. சாவித்திரி லென்ஸைப் பார்த்தாள். அதன் பின்னால் ஒரு முழங்கையும் ஒரு கன்னமும் தெரிவது வழக்கம். இன்று வெள்ளைத் தாடி. மூச்சை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பாதி விட்டுவிட்டு நிறுத்த வேண்டும். நிறுத்தினாள். பட்டரவாக்கத்தில் யாரோ ஒரு பைக்கின் ஹாரனை அடித்தார்கள். கொரட்டூர். மூடி லென்ஸில் விழுந்தது.

“நான் ஆடலியே பாய்?”

இஸ்மாயில் சட்டத்தை உருவி அவள் கையில் கொடுத்தார். மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது.

அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆண்களெல்லாம் இறைந்த பூவை மிதித்துக்கொண்டே பின்னால் போனார்கள். மேளம் தெருமுனை திரும்புவது கேட்டது. பெண்கள் கூடத்தைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். “நீ போயி தலைக்கு ஊத்திகினு வாமா” என்று யாரோ சொன்னார்கள்.

சாவித்திரி மாற்றுப் புடவையோடு அந்தச் சட்டத்தையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். படம் கழுவுகிற இடமும் அதுதான்; ஜன்னலில் அட்டை ஒட்டியபடிதான் எப்போதும் இருக்கும். கதவிடுக்கில் பாவாடையைச் சுருட்டி அடைத்தாள். சிவப்பு பல்பைப் போட்டாள். வாளிகளுக்குப் பின்னால் இருந்த பாட்டில்களிலிருந்து தட்டுகளில் ஊற்றினாள். அவர் ஃபிலிமைப் போடுவார். தட்டை ஆட்டுவது அவள் வேலை. இன்றைக்கு இரண்டும் அவளே.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு அவருடைய சட்டை வந்தது. நெகட்டிவில் வெள்ளையெல்லாம் கறுப்பு. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கிடந்தார். பொத்தான், பையின் ஓரத் தையல், கண்ணிமை என்று ஒவ்வொன்றாகக் கூராகத் தெளிந்து வந்தது. கால்மாட்டில் சம்பத்துக்கு இரண்டு தலைகள். குலுங்கியிருக்கிறார். சரணின் முகத்தை, குறுக்கே போன அவன் கையே அழித்துவிட்டிருந்தது. சிம்ரன் கலங்கிய தண்ணீரில் தெரிவதுபோல் இருந்தாள்.

சாவித்திரி தன்னைத் தேடினாள்.

நாற்காலி இருந்தது. புடவை மடிப்புகள் இருந்தன. கழுத்துக்கு மேல் ஒரு புகை மட்டும். கண், மூக்கு, வாய் எதுவுமில்லை. குங்குமம் இருந்த இடத்திலிருந்து மங்கலாக ஒரு கோடு அவர் முகத்துப் பக்கமாகச் சரிந்து இறங்கியிருந்தது. எந்த ஸ்டேஷனில் குனிந்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தபடியேதான் இருந்தோம் என்று இந்த நிமிஷம் வரைக்கும் நினைத்திருந்தாள்.

ஃபிலிமைத் தூக்கி பல்புக்கு நேராகப் பிடித்தாள். அவர் மணிக்கட்டின்மேல் ஒரு கை இருந்தது. விரல் முட்டிகள், நரம்பு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடி வளையல்கள். இம்மியும் அசையவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அடுத்த தட்டில் போட்டாள். ஆட்டினாள். வெளியே துடைப்பச் சத்தம் ஓய்ந்திருந்தது.

“அத்தே” என்று சிம்ரன் கதவைத் தட்டினாள். “ரொம்ப நேரமாச்சே. தண்ணி இருக்கா? மோட்டர் போடட்டுமா?”

சாவித்திரி குழாயைத் திறந்துவிட்டாள். படத்தை இரு கைகளாலும் ஓரங்களைப் பிடித்து, தண்ணீருக்குக் கீழே காட்டினாள்.

“போடும்மா” என்றாள். “இன்னும் கொஞ்ச நேரம் அலசணும்.”