மினுக்கி வராத ஞாயிறு

…இன்னொரு செருப்பு எங்கே என்று கேட்டார், அது அவருடைய இடது காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது, மூக்கில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் கண்ணாடி தேடுகிற மனிதர்தானே என்று சிரித்துக்கொண்டே காலால் அதைத் தள்ளிவிட்டேன், அவரும் சிரித்தார், ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதே முக்கால், கீழே தெருவில் யாரோ ஒருவன் ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரை உதைத்து உதைத்து அதனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்… சாதாரணமாக நடந்த கடைசி விஷயம் அதுதான். அதை ஏன் இப்போது, டீ ஆறிக்கொண்டிருக்கும்போது, நாத்தனார் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது நினைக்கிறேன்? கோப்பையின் கைப்பிடியைக் காணவில்லை, அதனால்தான். கோப்பை இருக்கிறது, என் விரல் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் கடுகளவு இடம் மட்டும் காணாமல் போயிருக்கிறது. தலையைத் தூக்கினால் நாத்தனாரின் முகத்தில் ஒரு கண் இல்லை, இருக்கிற கண்ணால் அழுகிறாள். அவருடைய தங்கை, கணக்கு டீச்சர், ரேடியோ என்றுதான் அவர் கூப்பிடுவார், அணைக்கிற பொத்தானை வைக்க மறந்துட்டாங்க என்பார். பதினோரு மாதமாக வரும்போதெல்லாம் சொல்கிற வாக்கியத்தை இன்றைக்கும் சொல்லி முடித்திருந்தாள், "தூக்கத்துலயே வந்திருக்கு அண்ணி, அண்ணனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது, அது ஒண்ணுதான் ஆறுதல்." பதினோரு மாதமாகச் செய்வதைப்போல நானும் தலையாட்டினேன். ஆட்டிய தலைக்குள்தான் இது கிளம்பியிருக்கிறது. மினுக்கி வந்துடுச்சு என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

மினுக்கி நாங்கள் வைத்த பெயர். ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் சிலருக்கு இப்படிப் பார்வையில் கோளாறு வரும், ஆரா என்று பெயர் என்றார் டாக்டர், இவர் வீட்டுக்கு வரும் வழியிலேயே அதை மாற்றிவிட்டார், இத்தனை மினுக்கிக்கிட்டு வர்றவளுக்கு அந்தப் பேர் பத்தாது என்றார். முதலில் ஓட்டை, பிறகு ஓட்டையின் ஓரத்தில் உடைந்த கண்ணாடிச் சில்லுகளை வளைத்து அடுக்கி யாரோ விடாமல் குலுக்குவதைப்போல ஒரு கோடு, அது மெல்ல விரிந்துகொண்டே போய் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் பார்வையின் விளிம்பில் விழுந்துவிடும், அப்புறம் வலி. அதற்குள் நான் இந்த அறைக்கு வந்து படுத்துவிட வேண்டும். வந்துவிட்டேன், படுத்துவிட்டேன். திரைச்சீலைகள் நடுவில் பிரியாதபடி துணி கிளிப்பு, கதவின் அடியில் சுருட்டி வைத்த துண்டு, சுவரில் கடிகாரம் இருந்த இடத்தில் வெறும் ஆணி, எல்லாம் அவர் செய்து வைத்தது. கதவுக்கு வெளியே கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டையும் உண்டு. அவர் லிஃப்ட் மெக்கானிக், லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் இறங்கும்போது மெயின் சுவிட்சில் மாட்டுகிற அட்டை, உள்ளே ஆள் இருக்கிறார், தொடாதீர் என்று எழுதியது. உள்ளே இறங்குகிறவன்தான் மாட்டுவான், அவன் வெளியே வந்து கழற்றுகிறவரைக்கும் முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது, தொட்டால் ஒரு உயிர் போய்விடும். வலியின் உச்சியில் நான் கிடந்த ஒரு நாள், காபி வேணுமா என்று கதவைத் திறந்து கேட்டு, என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு, மறுநாள் அந்த அட்டையைக் கொண்டுவந்தார். இனிமேல் நீயா கழட்டுற வரைக்கும் இந்தக் கதவு எனக்குச் சுவர் என்றார். பதினாறு வருடம் அது அவருக்குச் சுவராகவே இருந்தது…

கோடு பெரிதாகிவிட்டது. கண்ணை மூடினாலும் இருக்கிறது, அதுதான் கொடுமை, இமைக்கு உள்ளேயும் அதே சில்லுகள், திரும்பிப் படுத்தாலும் என்னோடு திரும்பிப் படுக்கிறது, எங்கே ஓடுவது, கண்ணுக்கு வெளியே நடப்பதாக இருந்தாலல்லவா ஓட முடியும். இது கண்ணில் வருவதில்லை, மூளையில் வருவது, எனக்குத் தெரியாதா, பத்தொன்பது வருடமாகக் கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவள் நான், ஒரு கண்ணை மூடுங்க, அடுத்த வரி, இப்போ மறு கண்ணு, தூக்கத்தில்கூடச் சொல்வேன். அன்றைக்கும் சொன்னேனே. செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தவர் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டார், நின்றார், என்னமோ இந்தப் பக்கம் தெரியலை என்றார். உட்காரவைத்தேன். வலது கண்ணை மூடச் சொன்னேன், இடது பக்கம் தெரியவில்லை. இடது கண்ணை மூடச் சொன்னேன், அப்போதும் இடது பக்கம்தான் தெரியவில்லை. ஒரு கண்ணில் மட்டும் என்றால் கண்ணில் கோளாறு, இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் போனால் கோளாறு உள்ளே, இதை எத்தனை பேருக்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனால் என் வீட்டில் உள்ளே என்றால் மினுக்கிதான், வேறு என்ன? அவரும் அதையே சொன்னார், உன் ஆளு இப்போ எங்கிட்டயும் வர ஆரம்பிச்சுட்டா போல, என்றார். சிரித்தோம். உண்மையைச் சொன்னால் எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷம்கூட இருந்தது, இத்தனை வருடம் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததை ஒரு தடவை பார்க்கட்டுமே என்று. அப்புறம் நான் கேட்டேன், மினுக்குதா என்று கேட்டேன். கேட்கத் தெரிந்திருந்தது எனக்கு.

"மினுக்கலை. அங்க ஒண்ணுமே இல்ல," என்றார்.

அந்தப் பதிலை நான் கேட்டேனா? காதில் விழுந்தது, அது வேறு, கேட்பது வேறு. மெல்ல மெல்ல விரிகிறதா, ஒரே அடியாகப் போய்விட்டதா என்று அடுத்த கேள்வி இருக்கிறது, கடைக்கு வருகிற யாராக இருந்தாலும் கேட்டிருப்பேன், அவரிடம் கேட்கவில்லை. முதல் தடவை அப்படித்தான் இருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டு அவரைக் கூட்டிவந்து இதே கட்டிலில், இதே ஜன்னலுக்கு முதுகு காட்டி, இப்போது நான் கிடக்கிற மாதிரியே படுக்கவைத்தேன். கிளிப்பு மாட்டினேன், துண்டை வைத்தேன், சிவப்பு அட்டையையும் மாட்டினேன். உள்ளே இருப்பவர் மாட்ட வேண்டிய அட்டையை வெளியே நின்று நான் மாட்டினேன், அதைக்கூட யோசிக்கவில்லை. பிறகு நாலு மணி நேரம் ஊரிலேயே நல்ல மனைவி நான்தான், வெறுங்காலோடு நடந்தேன், பாத்திரத்தைப் பாத்திரத்தின் மேல் வைக்கவில்லை, காலிங் பெல்லின் வயரைப் பிடுங்கிவிட்டேன், அவர் எனக்குச் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் திருப்பிச் செய்துகொண்டிருந்தேன். இரண்டு மணிக்குப் பொறுக்காமல் திறந்தேன்… மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், நாலாவது நாள் இல்லை. கடைசியா எப்போ நல்லா இருந்தார் என்று அந்தச் சின்ன டாக்டர் கேட்டான், ஒன்பதே முக்கால் என்றேன், அதற்கப்புறம் என்றான், தூங்கிக்கொண்டிருந்தார் என்றேன். கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா, என்று ஆரம்பித்து அவனாகவே நிறுத்திக்கொண்டான். அந்த வாக்கியத்தின் மிச்சத்தை நான்தான் தினமும் முடித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது விரல் நுனிகள் மரத்துப்போக ஆரம்பித்திருக்கின்றன, சுண்டுவிரல், அதன் பக்கத்து விரல், பிறகு உதட்டின் ஓரம், வரிசை மாறாது. முன்பெல்லாம் வலிக்குத்தான் பயம், இப்போது ஒவ்வொரு தடவையும் இது அதுவாக இருந்தால் என்று பயம், கோட்டை உற்றுப் பார்க்கிறேன், மினுக்குகிறதா, மினுக்குகிறது, விரிகிறதா, விரிகிறது, அப்படியென்றால் எனக்கு ஒன்றுமில்லை, அப்பாடா என்கிறது மனம், என்ன மனம் இது, அந்த அப்பாடாவைக் கேட்கும்போது இதே தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது, எந்தத் தலையணை என்று நினைவு வருகிறது… கதவு திறக்கிறது. வெளிச்சம் ஊசி மாதிரி இறங்குகிறது. ரேடியோ. மூன்றாவது தடவை. முதல் தடவை தண்ணீர் வேண்டுமா என்றாள், இரண்டாவது தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அட்டை மாட்டியிருக்கே என்றேன். "அட்டைக்கெல்லாம் நான் பயப்படுறதில்ல அண்ணி. மூச்சு விடுறீங்களான்னு பாத்துட்டுப் போயிடறேன், திட்டுறதா இருந்தா நாளைக்குத் திட்டுங்க," என்றாள், ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற குரலில்.

இவள் மாதிரி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் திறந்து பார்த்திருந்தால்… சொல்லிவிடலாமா? இன்னும் ஐந்து நிமிடத்தில் வார்த்தைகள் போய்விடும், நாக்கில் நிற்கிற சொல் வேறாகவும் வாயிலிருந்து வருகிற சொல் வேறாகவும் ஆகிவிடும், அதற்கப்புறம் நாலு மணி நேரம் வலி, அது முடிந்து எழுந்தால் தைரியம் இருக்காது, பதினோரு மாதமாக இல்லை. சொன்னால் இவளும் வராமல் போய்விடுவாள். அப்புறம் இந்தக் கதவை யார் திறப்பார்கள்? வெளிச்சத்தில் அவள் உருவம் பாதிதான் தெரிந்தது, மீதி சில்லுகள். அந்தப் பாதியிடம் சொன்னேன். "தூக்கத்துல வரலைம்மா. உங்க அண்ணன் பத்து மணிக்கே எங்கிட்ட சொன்னார், ஒரு பக்கம் தெரியலைன்னு. மினுக்கலைன்னும் சொன்னார். நான்தான் படுக்கவெச்சு ஜன்னலைச் சாத்தினேன்." கதவை என்று சொல்லவந்தேன், ஜன்னல் என்று வந்தது, அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கட்டிலின் ஓரம் அழுந்தியது. ரேடியோவின் குரல் இந்தத் தடவை உண்மையிலேயே தாழ்ந்திருந்தது.

"பதினொண்ணரைக்கு அண்ணன் செல்லுக்கு நான் போன் பண்ணேன் அண்ணி, சும்மாதான். எடுத்தாரு. மெதுவாப் பேசு, உங்க அண்ணி போர்டு மாட்டியிருக்கா, சத்தம் கேட்டா கோவிச்சுக்குவான்னாரு. வாய் குழறுச்சு. தூக்கக் கலக்கம்னு நெனச்சு, தூங்குங்கண்ணேன்னு சொல்லி நான்தான் வெச்சேன்."

அப்படியானால் அந்த ஆறுதலை இவள் என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, பதினோரு மாதமாகத் தனக்கே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்… அப்படியானால் அவர் தூங்கவில்லை. விழித்திருந்தார், இந்த இருட்டில், ஒரு பக்கம் இல்லாமல், என் காலடிச் சத்தம் எங்கேயாவது கேட்கிறதா என்று, நானோ சத்தமே வராமல் நடந்துகொண்டிருந்தேன். கூப்பிட முடியாமல் கிடந்தாரா, கூப்பிடக் கூடாது என்று கிடந்தாரா? வேற என்ன சொன்னார் என்று கேட்க வாயைத் திறந்தேன், வேற என்கிற சொல்லே நாக்குக்கு வரவில்லை, ஒரு சத்தம்தான் வந்தது. அவள் என் கையைப் பிடித்திருந்தாள் போல, மரத்துப்போன கை, பிடித்திருக்கிறாளா, விட்டுவிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. கோடு விளிம்புக்குப் போய் விழுந்தது. அறை முழுதாகத் தெரிந்தது, அவளும் முழுதாகத் தெரிந்தாள். வலி ஆரம்பித்தது, வலது புருவத்துக்கு மேலே, ஒரு விரலால் மூடிவிடக்கூடிய இடத்தில், பதினாலு வயதில் முதல்முதலாக வந்தபோது ஆரம்பித்த அதே இடத்தில்.